ஷாக் அப்சார்பர் வண்டியைத் தாங்குவதில்லை: ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் நாலு பேர் ஒரு முகாமில் சேர்ந்தால், பேச்சு சீக்கிரமே வண்டிக்கு அடியில் போய்விடும். ஓடும்போது அலமாரி திறந்து தட்டுகள் தரையில் விழுந்தனவா? ஷாக் போயிருக்கும் என்பார்கள். நின்ற இடத்தில் வண்டி ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா? ஷாக்தான். டயரின் உள் ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்துவிட்டதா? அதற்கும் ஷாக்.

இதில் முதல் தொல்லைக்கு ஷாக் அப்சார்பர் காரணமாக இருக்கலாம். இரண்டாவதற்கு அது காரணமாக இருக்கவே முடியாது. மூன்றாவதற்குப் பெரும்பாலும் அச்சு வளைந்திருப்பதோ அளவுக்கு மீறிய பாரமோதான் காரணம். தப்பான பாகத்தை மாற்றிக் காசு போவது கூடப் பரவாயில்லை. அடியில் வண்டியைத் தாங்கும் எஃகுப் பட்டை ஒன்று விரிசல் விட்டிருக்க, புது ஷாக் போட்ட நிம்மதியில் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் இறங்குவதுதான் கவலை தருகிறது. அதனால் ஷாக் என்ன செய்கிறது என்பதை அடியிலிருந்து பார்த்துவிட்டு, மாற்றும் வேலைக்கு அப்புறம் வரலாம்.

## எடை எங்கே உட்காருகிறது

ஃபிஃப்த் வீல் என்பது காரின் பின்பக்கக் கொக்கியில் மாட்டும் டிரெய்லர் அல்ல. கன்டெய்னர் லாரியில் இருப்பது போன்ற ஏற்பாடு இது. பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில், ஏறக்குறைய பின் அச்சுக்கு நேர் மேலே, ஒரு கனமான இரும்புப் பிடிப்பு இருக்கும். டிரெய்லரின் மூக்குப் பகுதிக்கு அடியில் கட்டைவிரல் மாதிரி தொங்கும் எஃகு முளை அதற்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். அந்த முளைக்குக் கிங்பின் என்று பெயர்.

12,000 பவுண்டு எடையுள்ள ஒரு டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். கிலோ கணக்கில் சுமார் 5,400. இதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2,400 பவுண்டு, கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்குகிறது. மீதி 9,600 பவுண்டு டிரெய்லரின் இரண்டு அச்சுகளுக்கும் நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. சக்கரத்துக்கு 2,400 பவுண்டு, ஒரு டன்னுக்கும் கொஞ்சம் கூடுதல்.

அந்த ஒரு டன்னைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. நம் ஊர் லாரிப் பட்டறைகளில் கமான் பட்டை என்பார்களே, அதன் தம்பி. முன் சக்கரத்தின் பட்டையையும் பின் சக்கரத்தின் பட்டையையும் நடுவில் ஓர் இரும்புத் துண்டு இணைக்கிறது. இது ஈக்வலைசர். முன் சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் இது தன் நடு போல்ட்டில் சுழன்று, பாரத்தில் ஒரு பகுதியைப் பின் சக்கரத்துக்குத் தள்ளிவிடும். பட்டையின் முனையையும் ஈக்வலைசரையும் சேர்க்கும் சின்னச் சின்ன இரும்புத் தகடுகள் ஷாக்கிள்கள்.

ஆக, எடை போகும் பாதை இது: டிரெய்லரின் சட்டம், ஷாக்கிளும் ஈக்வலைசரும், பட்டை, அச்சு, சக்கரம், தரை. ஷாக் அப்சார்பர் இந்தப் பாதையில் எங்கேயும் இல்லை. நின்றுகொண்டிருக்கும் டிரெய்லரிலிருந்து நான்கு ஷாக்கையும் கழற்றி எடுத்துவிட்டால், வண்டி பட்டையின் மேல் அப்படியேதான் நிற்கும். சரிந்து நிற்கும் வண்டிக்குப் பட்டையையோ ஷாக்கிளையோ சந்தேகப்படச் சொல்வது இதனால்தான்.

## ஊஞ்சலும் தரையில் தேய்க்கும் காலும்

அப்படியானால் ஷாக் எதற்கு?

ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பவரை ஒரு தள்ளு தள்ளிவிட்டால், ஒரே ஆட்டத்தோடு நிற்பதில்லை. போய்ப் போய் வரும். நிறுத்த வேண்டுமானால் காலைத் தரையில் தேய்க்க வேண்டும். அந்தக் கால் ஆளின் எடையைத் தாங்கவில்லை. எடை முழுவதும் சங்கிலியில்தான் தொங்குகிறது. கால் செய்வது ஒன்றே ஒன்று: ஆட்டத்தில் இருக்கும் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக உரசலில் வெப்பமாக்கித் தீர்ப்பது.

டிரெய்லரில் சங்கிலியின் இடத்தில் பட்டை ஸ்பிரிங், காலின் இடத்தில் ஷாக் அப்சார்பர். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்த அடியை முதலில் வாங்குவது டயரும் பட்டையும். பட்டை வளைந்து அந்தச் சக்தியைச் சேமித்துக்கொள்கிறது. ஆனால் ஸ்பிரிங்குக்கு வாங்கியதை வைத்துக்கொள்ளத் தெரியாது. உடனே திருப்பிக் கொடுக்கும். வண்டி மேலே எழும்பும், இறங்கும், மறுபடி எழும்பும். அதை ஓரிரு ஆட்டத்தில் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை.

ஊஞ்சலை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம். சரியான நேரம் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தால் சின்னக் குழந்தை கூடப் பெரியவரை உயரமாக ஆட்டிவிடும். நெடுஞ்சாலையில் தள்ளுகிற கை கான்கிரீட் பலகைகளின் இணைப்புதான். மணிக்கு 60 மைல் வேகத்தில் வண்டி நொடிக்கு 88 அடி போகிறது. இணைப்புகள் 44 அடிக்கு ஒன்று என்று வைத்தால் நொடிக்கு இரண்டு தட்டு. டிரெய்லரின் இயல்பான ஆட்டமும் அதே கணக்கில் அமைந்துவிட்டால், ஒவ்வொரு தட்டும் முந்தைய ஆட்டத்தோடு சேர்ந்துகொண்டே போகும். லூசியானாவில் ஐ-10 நெடுஞ்சாலை சதுப்பு நிலத்தின் மேல் சுமார் 18 மைல் நீளப் பாலமாக ஓடுகிறது. அப்படி இணைப்புக்கு மேல் இணைப்பாக வரும் இடத்தில், சாலை பார்க்க வழவழவென்று இருந்தாலும் வண்டி ஏன் குதிக்கிறது என்று குழம்புகிறவர்கள் உண்டு. வேகத்தை ஐந்து மைல் கூட்டியோ குறைத்தோ பார்த்தால் ஆட்டம் சட்டென்று குறையும். தட்டும் நேரம் மாறிவிடுகிறது, அவ்வளவுதான்.

சுருக்கமாக: ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, அடியை வாங்குகிறது, திருப்பிக் கொடுக்கிறது. திருப்பிக் கொடுப்பதை ஷாக் அடக்குகிறது.

## குழாய்க்குள்ளே நடப்பது

ஷாக் அப்சார்பர் என்பது எண்ணெய் நிரப்பிய ஒரு குழாய். அதற்குள் தண்டின் முனையில் ஒரு பிஸ்டன். குழாயின் ஒரு முனை அச்சிலும், தண்டின் முனை சட்டத்திலும் மாட்டியிருக்கும். சில வண்டிகளில் தலைகீழாகவும் இருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது பிஸ்டன் எண்ணெய்க்குள் முன்னும் பின்னும் போக வேண்டும். எண்ணெய் விலகி வழிவிட்டால்தான் அது நகரும். பிஸ்டனில் இருக்கும் சின்னத் துளைகளும், அவற்றை மூடித் திறக்கும் வால்வுகளும்தான் எண்ணெய்க்கு இருக்கும் ஒரே வழி.

மெதுவாக நகர்ந்தால் எண்ணெய் நிதானமாக வழிந்துபோகும், எதிர்ப்பு குறைவு. வேகமாக நகர்த்தினால் எதிர்ப்பு ஏறும். இங்கேதான் ஊஞ்சலில் தேய்க்கும் காலைவிட ஷாக் உசத்தி. கால் எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உரசும். ஷாக்கோ, ஆட்டம் முரட்டுத்தனமாக இருந்தால் முரட்டுத்தனமாகப் பிடிக்கும், மென்மையாக இருந்தால் விட்டுக்கொடுக்கும்.

பிழியப்படும் எண்ணெய் சூடாகிறது, அந்தச் சூடு குழாயின் சுவர் வழியே காற்றில் போகிறது. ஆட்டத்தின் சக்தி கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதான். ஷாக் சூடாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சோதனைக்கு உதவும்.

ஓய்வே இல்லாமல் ஆடினால் எண்ணெயில் நுரை கிளம்பும். நுரை எளிதில் நசுங்கும், அதனால் பிடிமானம் தளரும். அலாஸ்கா நெடுஞ்சாலை 1942-இல் போர்க்கால அவசரத்தில் போட்ட சாலை. கனடாவின் யூகான் பகுதியில் டிஸ்ட்ரக்‌ஷன் பே ஊரைத் தாண்டி அலாஸ்கா எல்லை வரை, உறைந்து கிடக்கும் மண் இளகியும் இறுகியும் சாலையை அலை அலையாக்கிவிடுகிறது. ஷாக்குக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காத பாதை. நுரையைத் தடுக்கத்தான் சில ஷாக்குகளில் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைக்கிறார்கள். அவற்றை வாயு ஷாக் என்பார்கள். அங்கேயும் ஸ்பிரிங்கின் வேலையை வாயு செய்வதில்லை. எண்ணெயை நுரைக்க விடாமல் அமுக்கி வைப்பதுதான் அதன் பொறுப்பு.

## பல டிரெய்லர்களில் ஷாக்கே இல்லையே?

நியாயமான கேள்வி. குனிந்து பார்த்தால் நிறைய வண்டிகளில் ஷாக் இருக்காது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஓரளவு ஆட்டத்தை அடக்கும், அது போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இன்னொரு வகையில் பட்டையே கிடையாது. அச்சுக் குழாய்க்குள் ரப்பர் தண்டுகளைச் செருகி, அவை நசுங்கி மீள்வதையே ஸ்பிரிங்காக வைத்திருப்பார்கள். ரப்பர் வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பித் தருவதில்லை, கொஞ்சத்தைச் சூடாக்கித் தானே விழுங்கிவிடும். அதனால் அந்த வகைக்குப் பெரும்பாலும் ஷாக் தேவைப்படாது.

பட்டை உரசல் மட்டும் போதுமா? கனமான ஃபிஃப்த் வீலுக்குப் போதாது என்பது என் கருத்து. பட்டைக்குப் பட்டை துரு, மண், தண்ணீர் என்று உரசல் மாறிக்கொண்டே இருக்கும். மேலே ஒரு வீடே உட்கார்ந்திருக்கிறது: குழாய்கள், ஜன்னல்கள், மரச் சட்டங்களில் முடுக்கிய ஆயிரம் திருகுகள். ஆட்டம் நீடித்தால் அத்தனையும் தளரும்.

இன்னொன்றும் உண்டு. வீடு ஆடுவது வேறு, சக்கரம் ஆடுவது வேறு. வீடு மெதுவாக ஆடும். சக்கரமும் அச்சும் மட்டும் டயருக்கும் பட்டைக்கும் நடுவே நொடிக்குப் பத்து, பதினைந்து முறை துள்ளக்கூடியவை. துள்ளும் சக்கரம் தரையை விட்டு எழும்பும் கணத்தில் பிரேக் பிடித்தால், அது காற்றில் நின்றுவிட்டு, இறங்கும்போது தார்ச்சாலையில் தேயும். டயரில் திட்டுத் திட்டாகக் குழி விழுவது இந்தத் துள்ளலால். வண்டி நிற்க எடுக்கும் தூரமும் கூடும். எனக்கு அலமாரித் தட்டுகளைவிட இதுதான் பெரிய விஷயம்.

## போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

காரின் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்ப்பது வழக்கம். 5 டன் டிரெய்லரில் அது நடக்காது. ஆள் பலத்துக்கு அந்தப் பட்டை அசையாது.

முதலில் கண்ணால் பாருங்கள். தண்டு குழாய்க்குள் நுழையும் இடத்தில் லேசான எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பயமில்லை. எண்ணெய் வழிந்து, சாலைப் புழுதி அதில் ஒட்டிக் குழாயின் பாதி வரை கறுப்புக் களிம்பாக இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது. பிறகு இரண்டு முனைகளிலும் உள்ள வளையங்களைப் பாருங்கள். போல்ட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே ரப்பர் புஷ் இருக்கும். நல்ல புஷ்ஷில் போல்ட் நட்ட நடுவில் நிற்கும். போன புஷ்ஷில் போல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் பிறை வடிவில் ஓர் இடைவெளி தெரியும். ரப்பர் நகத்தால் சுரண்டினாலே பொடியாக உதிரும். அந்த இடைவெளி இருக்கும்வரை சின்ன ஆட்டங்கள் ஷாக்குக்குப் போய்ச் சேர்வதே இல்லை. வளையம்தான் கடகடவென்று ஆடும்.

அடுத்தது சூட்டுச் சோதனை. மேடு பள்ளமான சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, தொடாமலே வெப்பம் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு ஷாக்கின் குழாயையும் பாருங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் காற்றின் குளிர்ச்சியில் இருந்தால், அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பிரேக் டிரம் தோலைப் பொசுக்கிவிடும்.

கழற்றிய பிறகு ஐயமே இருக்காது. நிமிர்த்திப் பிடித்துத் தண்டை அமுக்கி இழுத்தால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீரான இழுவை வேண்டும். நடுவில் வெற்றாகப் போகும் இடம் இருந்தால் உள்ளே எண்ணெய் குறைந்திருக்கிறது அல்லது வால்வு போயிருக்கிறது.

புறப்படும்போதும் நிறுத்தும்போதும் டிரக்கை முன்னும் பின்னும் இடிக்கும் உதறலுக்கும் ஷாக்கைத்தான் குறை சொல்கிறார்கள். அது பெரும்பாலும் கிங்பின் பக்கத்து இடைவெளியிலிருந்து வருவது. மேலும் கீழுமான ஆட்டம்தான் ஷாக்கின் எல்லை.

## வாங்கும் முன் அளவு

பழைய ஷாக்கின் மேல் பாக எண் தெரிந்தால் வேலை சுலபம். துருவில் அழிந்திருந்தால் மூன்று அளவு வேண்டும்: முழுக்க நீண்டபோது ஒரு போல்ட்டின் மையத்திலிருந்து மறு போல்ட்டின் மையம் வரை, முழுக்க அமுங்கியபோது அதே தூரம், அப்புறம் போல்ட்டின் தடிமன். இவற்றைத் தோராயமாக எடுத்தால் போதாது. அமுங்கிய நீளம் கூடுதலாக உள்ள ஷாக்கைப் போட்டால், பெரிய பள்ளத்தில் பட்டை முழுதாக வளையும் முன்பே ஷாக்கின் அடிப்பாகம் இடிக்கும். அந்த நொடியில் மட்டும் ஷாக் எடையைத் தாங்கத் தொடங்கும். அது தாங்காது, மாட்டியிருக்கும் தகடு பிய்ந்துவிடும்.

சாய்மானத்தையும் பாருங்கள். இடம் இல்லாததால் டிரெய்லர்களில் ஷாக்கைச் சரித்து மாட்டுவது சகஜம். நேராக நிற்கும் ஷாக் செய்வது முழு வேலை என்றால், 30 டிகிரி சாய்ந்தது முக்கால் வேலை, 45 டிகிரி சாய்ந்தது பாதி வேலைதான் செய்யும். சாய்ந்தால் பிஸ்டன் நகரும் தூரமும் குறைகிறது, அது தரும் எதிர்ப்பிலும் ஒரு பங்குதான் செங்குத்தாகப் போகிறது. இரண்டு பக்கமும் நஷ்டம். ஷாக் இல்லாத வண்டிக்குப் புதிதாகச் சேர்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் அச்சுக் குழாயில் வெல்டிங் வைக்காமல், போல்ட்டால் பிடிக்கும் தொகுப்பைத் தேடுவது நல்லது. வெல்டிங் சூட்டில் அச்சு வளைய வாய்ப்பு உண்டு.

ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். முடிந்தால் நான்கையும்.

## மாற்றும் வேலை

டிரெய்லரைச் சமதளத்தில் டிரக்கோடு மாட்டியபடியே நிறுத்தி, டிரக்கின் கை பிரேக்கைப் போட்டு, டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். எடையை ஷாக் தாங்காததால், சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே அதைக் கழற்றலாம். வண்டியைத் தூக்கத் தேவையே இல்லை. அடியில் நுழைய இடம் போதவில்லை என்றால் சக்கரங்களைத் தடித்த பலகைகளின் மேல் ஏற்றிக்கொள்ளலாம். தூக்கித்தான் ஆக வேண்டுமானால் ஜாக்கியைச் சட்டத்துக்கு அடியில் வையுங்கள், அச்சுக் குழாய்க்கு அடியில் வேண்டாம், அது வளைந்துவிடும். தாங்கு கால்களை வைக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே படுக்காதீர்கள்.

முதல் நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைப்பது பாதி வேலையை முடித்துவிடும். இளகாத நட்டுக்கு நீளமான கைப்பிடி போட்ட ஸ்பேனர், அதற்கும் மசியாவிட்டால் ரம்பம். காஸ் விளக்கால் சூடு காட்டும் பழக்கம் இங்கே கூடவே கூடாது. மூடிய குழாய்க்குள் எண்ணெயும், சில வகையில் அழுத்தமான வாயுவும் இருக்கின்றன, வெடிக்கும்.

இரட்டைக் குழாய் ஷாக் என்றொரு வகை உண்டு. வேலை செய்யும் குழாயைச் சுற்றி எண்ணெய் தேங்க இன்னொரு குழாய். அது பெட்டியில் படுத்தே கிடந்து வந்திருக்கும், அதனால் உள் குழாயில் காற்று புகுந்திருக்கும். மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுக்க அமுக்கி இழுத்தால் காற்று வெளியேறும். இந்த வகையைத் தலைகீழாக மாட்டக் கூடாது. வாயு ஷாக் வாரால் கட்டி வரும். மேல் முனையை மாட்டிய பிறகே வாரை அறுங்கள். அறுத்ததும் தானாக நீளும், விரலை விலக்கி வையுங்கள்.

நட்டுகளுக்குப் பழையதைப் போடாமல், நைலான் வளையம் உள்ள புது நட்டுகளைப் போடுங்கள். இறுதி முறுக்கைச் சக்கரங்கள் தரையில் முழு எடையோடு நிற்கும்போதுதான் கொடுக்க வேண்டும். அச்சு தொங்கும்போது முடுக்கினால், இறக்கியதும் ரப்பர் புஷ் நிரந்தரமாக முறுகிய நிலையில் மாட்டிக்கொள்ளும், சீக்கிரம் கிழியும். எவ்வளவு முறுக்கு என்பதற்குத் தயாரிப்பாளர் தரும் அளவையும், முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனரான டார்க் ரெஞ்சையும் நம்புங்கள்.

அடியில் இருக்கும்போதே சுற்றிலும் ஒரு பார்வை. ஷாக்கிளின் துளை வட்டமாக இருக்கிறதா, நீள்வட்டமாக இழுபட்டிருக்கிறதா? பட்டையில் குறுக்கே துருக் கோடு ஓடுகிறதா? அது பெரும்பாலும் விரிசல். ஈக்வலைசர் போல்ட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் புஷ் இன்னும் இருக்கிறதா? இதில் ஒன்று கெட்டிருந்தாலும் ஷாக்கை அப்படியே வைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிரேக்குக்குப் போகும் மின்கம்பி புது ஷாக்கில் உரசாமல் விலகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சக்கரங்களைக் கழற்றியிருந்தால் 10, 25, 50 மைல் கடந்ததும் சக்கர நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். அந்த 50 மைலில் நிற்கும்போதே வெப்பமானியை எடுத்து நான்கு ஷாக்கையும் பாருங்கள். ஏறக்குறைய ஒரே சூடு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதன் மேல் போல்ட்டையும் கீழ் போல்ட்டையும் அங்கேயே அசைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.